புறவாசல் இல்லாத ஊர்

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில், தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டுக்குள் உட்கார்ந்து நான் ஒரு ஊரைச் செய்தேன். மலை, ஆறு, கோயில், பாலம், நாற்பது சொச்சம் வீடுகள், எல்லாம் சேர்ந்து இரண்டு கட்டில் அகலம்தான். வெளியே ஆகஸ்ட் வெயில் மண்டையைப் பிளக்கும். லாரிக்காரர்கள் ஸ்டியரிங்கைத் துணி சுற்றிப் பிடிப்பார்கள். உள்ளே நான் சல்லடையை வைத்துக்கொண்டு ஓட்டுக் கூரைகளின் மேல் வெள்ளைப் பொடியைப் பனியாகத் தூவிக்கொண்டிருப்பேன். என் பனியன் நனைந்து முதுகோடு ஒட்டிக் கிடக்கும்.

எங்களுடையது மாடல் செய்யும் கம்பெனி. கட்டப்போகிற டவரையும் வில்லாவையும் முன்கூட்டியே சின்னதாகச் செய்து கொடுப்போம். கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து, கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற ஷட்டரிங் கார்பென்டராக வந்தவன் நான். கை சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி சைட்டிலிருந்து தூக்கி இங்கே போட்டார்கள். அன்று பிடித்த தலைக்கனம் எனக்கு ரொம்ப நாள் இறங்கவில்லை. அரிசி அகலத்தில் ஜன்னல் வெட்டுவேன், அதில் கம்பியும் வைப்பேன். யாராவது குறை சொன்னால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

என்னோடு வேலை செய்தவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர், பெயின்டர். நான் வெட்டி ஒட்டுவேன், அவர் நிறம் கொடுப்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அண்ணாச்சி என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். இரண்டு பேருக்கும் ஒரே கேம்ப், ஒரே ரூம். அவர் பேசுவது எனக்குப் பாதி புரியாமல் இருந்ததெல்லாம் முதல் மாதத்தோடு சரி.

பர் துபாய்ப் பக்கம் ஒரு ஹோட்டலில் ஐரோப்பாச் சாப்பாட்டுக்கென்று ஒரு மாடியைத் திறந்தார்கள். அதற்கு அடையாளமாக, ஆல்ப்ஸ் மலைக்குள் ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிற சின்ன ஊரை மாடலாகச் செய்து லாபியில் வைக்க வேண்டும் என்று ஆர்டர் வந்தது. போட்டோக்கள் ஒரு கட்டு, கூடவே ஊர்ச் சரித்திரம் என்று ஆங்கிலத்தில் நாலு தாள். அந்த ஊர்ப் பெயர் கடைசிவரை என் வாயில் நுழையவில்லை. அண்ணாச்சிக்கு ஆங்கிலம் வரும். மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு தினம் ஒரு பத்தி எனக்குச் சொல்வார்.

ஒரு காலத்தில் அங்கே வெள்ளி தோண்டியிருக்கிறார்கள். வெள்ளி தீர்ந்த பிறகு, கணவாய் வழியாகக் கோவேறு கழுதைகளில் உப்பு ஏற்றிப் போய்ப் பிழைத்திருக்கிறார்கள். ஆற்றுக்கு மேலே கூரை போட்ட மரப்பாலம் ஒன்று, பார்க்க வருகிறவர்கள் முதலில் போட்டோ எடுப்பது அதைத்தான். ஒவ்வொரு வீட்டு நெற்றி உத்தரத்திலும் கட்டிய வருஷத்தையும், கட்டிய புருஷன் பெண்சாதி பெயரையும் செதுக்கி வைத்திருப்பார்கள். கோடைக்கு மேலே மேயப்போன மாடுகள் குளிருக்கு முன்னால் இறங்கி வரும்போது, கொம்புக்குப் பூ சுற்றி ஊரே கூடி நிற்கும். அந்த வருஷம் வீட்டில் சாவு விழுந்திருந்தால் அந்த வீட்டு மாடு மட்டும் பூ இல்லாமல் வரும்.

என்னைத் தூக்கிவாரிப் போட்டது அந்த ஊர்க் கிறிஸ்தவக் கோயில் கதைதான். முன்னொரு காலத்தில் மலையிலிருந்து பனி சரிந்து வந்து கோயிலை அப்படியே வழித்துக்கொண்டு போயிருக்கிறது. திரும்பவும் அதே இடத்தில் கட்டியிருக்கிறார்கள். இந்தத் தடவை கோயிலின் பின்சுவரை மட்டும் படகு மூக்கு மாதிரி கூராகக் கட்டினார்களாம், பனி வந்தால் இரண்டாகப் பிரிந்து போகட்டும் என்று.

"ஏ அண்ணாச்சி, இவனுவளுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? கோயிலையே தூக்கிட்டுப் போன இடத்துலயா மறுபடி கொண்டுபோய்க் கட்டுவான்? வேற இடமா இல்ல?"

"சொந்த இடத்தை விட்டிட்டு எங்க போறது தம்பி?" என்றார் அவர். அத்தோடு பொட்டலத்தை மடித்துக்கொண்டு கை கழுவப் போய்விட்டார்.

மாடல் லாபியின் சுவரை ஒட்டி நிற்கப் போகிறது. மலை தனித் துண்டு, பின்னால் வைத்துத் திருகுவது. மலையடியில் ஒரு வரிசை வீடுகள், முகம் ஆற்றைப் பார்க்க, முதுகு மலையைப் பார்க்க. வந்த போட்டோக்களிலும் முகம்தான் இருந்தது. அதனால் அந்த வரிசைக்கு முன்பக்கத்தைப் பிரமாதமாகச் செய்து, பின்பக்கத்தை வெறும் வெள்ளைப் பலகையாக விட்டுவிட்டேன்.

அண்ணாச்சி விடவில்லை. "உந்த வீடுகளுக்குப் பின்பக்கமே இல்லையே தம்பி. ஒரு கதவு, ஒரு யன்னல் எண்டாலும் வையுமன்."

"மலைக்கும் வீட்டுக்கும் நடுவுல எவன் போய்ப் பாக்கப் போறான்? நீங்க சும்மா இருங்க அண்ணாச்சி," என்றேன். எனக்குக் கோபம்தான். எட்டு மாத வேலையில் அவர் கண்ணில் பட்டது இதுதானா என்று.

கொண்டுபோய் வைத்த அன்று மலையின் உச்சி வேன் கதவுக்குள் நுழையவில்லை. ஃபோர்மேன் "யல்லா, ஜல்தி" என்று அவசரப்படுத்திக்கொண்டு நின்றார். நான் ரம்பத்தை எடுத்து உச்சியை அறுத்துத் தனியாக மடியில் வைத்துக்கொண்டு போய், லாபியில் ஒட்டிப் பூசி மறைத்தேன். அண்ணாச்சி சிரித்தார். "மலையின்ட தலையையே வெட்டிப்போட்டீர்."

அந்த ஹோட்டல் பேக்கரியில் வேலை செய்கிற ஒரு பெண், மாவு அப்பிய வெள்ளைத் தொப்பியோடு லாபிக்கு ஓடி வந்தாள். நாற்பது வயது இருக்கும். மாடலைப் பார்த்தாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அது அவளுடைய ஊர். பாலத்திலிருந்து எண்ணிக்கொண்டே போய், மலையடி வரிசையில் ஒரு வீட்டின் மேல் விரலை வைத்து, "இது எங்கள் வீடு, அம்மா இப்போதும் இங்கேதான் இருக்கிறாள்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நெற்றி உத்தரத்தில் நான் செதுக்கியிருந்த எழுத்தைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தாள். அவளுடைய பாட்டன், பாட்டி பெயர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு கன்னத்தைச் சுவரோடு வைத்து, வீட்டுக்கும் மலைக்கும் நடுவில் எட்டிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. "பின்கதவும் செய்திருக்கிறீர்களா?"

"யெஸ் மேடம். எல்லாம் இருக்கு," என்றேன்.

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் திருகாணியைப் பொறுக்குகிறவன் மாதிரி குனிந்துகொண்டேன். அந்தப் பெண் எங்கள் இருவருக்கும் ஆளுக்கு ஒரு டப்பா கேக் கொடுத்து அனுப்பினாள். அன்று ரூமில் எல்லாரும் சாப்பிட்டோம்.

அடுத்த வருஷம் மே மாதக் கடைசி. டீ நேரத்தில் அண்ணாச்சி செல்போனை என் முன்னால் நீட்டினார். வீடியோவில் ஒரு மலை, அதன் தோள் அப்படியே கழன்று, பனியும் பாறையுமாக இறங்கி வந்தது. புழுதி பள்ளத்தாக்கை மூடியது. புழுதி விலகினபோது ஊர் இல்லை. பாலம் இல்லை, கோயிலும் அதன் கூர்மூக்கும் இல்லை. சாம்பல் நிறத்தில் மேடு மட்டும் இருந்தது, ஆறு அதில் முட்டி நின்றது.

எனக்கு நம்பவே முடியவில்லை. இது வேறு ஊர் அண்ணாச்சி, வேறு ஊர் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் வீடியோவைப் பின்னால் இழுத்து, விழுவதற்கு முந்தைய காட்சியில் நிறுத்தினார். என் ஊர்தான். ஒவ்வொரு கூரையையும் என் கையால் வெட்டியவன் நான், எனக்குத் தெரியாதா? நான் அறுத்து மடியில் வைத்துக்கொண்டு போன அந்த மலை உச்சி ஞாபகம் வந்தது, நான் அறுத்ததால்தான் மலை விழுந்ததோ என்று. பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் ரம்பத்தைக் கண்ணில் படாத இடத்தில் எடுத்து வைத்தேன்.

பாறை விரிசல் விடுவதை முன்கூட்டியே கண்டுபிடித்து, சில நாள் முன்னால் ஊர்ச் சனங்களை வெளியேற்றிவிட்டார்களாம். மாடு கன்றுகளையும் இறக்கிவிட்டார்கள். சனம் உயிர் பிழைத்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த வாரமே ஹோட்டல்காரர்கள் மாடலைத் திருப்பி அனுப்பினார்கள். வருகிற விருந்தாளிகள் அதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்களாம். ஷெட்டில் இறக்கி, மலையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தோம். ஃபோர்மேன் ஒரு சுற்று சுற்றிவந்து, "கலாஸ், இதன் கதை முடிந்தது. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் உடைத்துவிடுங்கள், அடிப்பலகை அடுத்த வேலைக்கு வேண்டும்," என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, ஷெட்டில் இடம் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அந்தப் பெண் வந்தாள். தொப்பி இல்லை, கண்கள் வீங்கியிருந்தன. ஹோட்டலில் விசாரித்து எங்கள் ஷெட்டைத் தேடிப் பிடித்திருந்தாள். நின்றுகொண்டே சொன்னாள்.

அவள் அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. இப்போது வேறொரு பள்ளத்தாக்கில் உறவினர் வீட்டில் இருக்கிறாள். ஊரைக் காலி செய்யச் சொன்ன அன்று, ஒரு மணி நேரத்தில் கிளம்பு என்றார்கள். அம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ் நகர்ந்த பிறகு சந்தேகம் வந்துவிட்டது. பின்கதவைப் பூட்டினேனா, இல்லையா? சாவி பையில் இருக்கிறது, பூட்டிய ஞாபகம் மட்டும் இல்லை. அன்றிலிருந்து அதே கேள்விதான். வீடே இல்லை அம்மா என்று சொன்னால் தலையை ஆட்டுகிறாள். அரை மணி கழித்து, பூட்டினேனா என்கிறாள். சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. யாருடனும் வேறு பேச்சும் இல்லை.

"நான் அம்மாவிடம் எப்போதோ சொல்லியிருந்தேன்," என்றாள் அந்தப் பெண். "துபாயில் நம் வீட்டைச் செய்து வைத்திருக்கிறார்கள், பின்கதவுகூட இருக்கிறது என்று. இப்போது அதைக் காட்டு என்கிறாள்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் போனில் அம்மாவைக் கூப்பிட்டுவிட்டாள். திரையில் நரைத்த தலை, நீலக் கட்டம் போட்ட ஏப்ரன், கண்ணாடிக்குப் பின்னால் பயந்த கண்கள். பெண் வீட்டின் முகப்பைக் காட்டினாள். கிழவி அதைச் சட்டை பண்ணவே இல்லை. விரலைச் சுழற்றி, திருப்பு, திருப்பு என்றாள்.

பெண் மாடலைச் சுற்றி வந்து, மலை கழன்ற பக்கத்தில் போனைப் பிடித்தாள். வெள்ளைப் பலகை. நடுவில் பென்சிலால் நான் எழுதிய நம்பர், ஓரத்தில் காய்ந்த பசை.

கிழவி என்னமோ கேட்டாள். பெண் போனை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். கிழவி மறுபடியும் கேட்டாள், இந்தத் தடவை குரல் உடைந்திருந்தது.

"என்ன கேக்கிறா?" என்றார் அண்ணாச்சி.

"பனி மூடிவிட்டதா என்று கேட்கிறாள்."

சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். 'எல்லாம் இருக்கு என்று சொன்னாயே' என்று கேட்டிருந்தாலும் பதிலுக்கு ஏதாவது உளறியிருப்பேன். அவள் சும்மா பார்த்தாள். என் வாழ்நாளில் அவ்வளவு கேவலமாக நான் உணர்ந்ததில்லை. அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

"மேடம், நான் பொய் சொல்லிட்டேன்," என்றேன், எனக்குத் தெரிந்த ஓட்டை ஆங்கிலத்தில். "யாரும் பாக்க மாட்டாங்கன்னு செய்யல."

"எங்கள் ஊரில் முன்கதவைத் திறக்கவே மாட்டோம்," என்றாள் அவள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. "கல்யாணப் பெண் வரும்போது, குழந்தைக்குப் பெயர் வைக்க எடுத்துப் போகும்போது, சவப்பெட்டி போகும்போது, அவ்வளவுதான். மற்றபடி எல்லாம் பின்கதவு வழியாகத்தான். அம்மாவுக்கு வீடு என்றாலே அந்தப் பக்கம்தான்."

நாலு தாள் சரித்திரத்தில் இது இல்லை. ஆனால் எனக்குச் சரித்திரம் எதற்கு? எங்கள் வீட்டில் அம்மா முன்வாசல் வழியாக உள்ளே வந்து நான் பார்த்ததே இல்லை. அரிசி களைவது, துணி துவைப்பது, பக்கத்து வீட்டோடு சண்டை, சமாதானம், எல்லாம் புறவாசலில்தான். இது தெரிந்திருந்தும் வெள்ளைப் பலகையை ஒட்டியிருக்கிறேன், அறிவுகெட்டவன்.

அண்ணாச்சி ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்தப் பெண்ணை உட்கார வைத்தார். ஒரு அட்டையையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டார். "அம்மாவைப் போனை வைக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. எத்தின படி இருந்தது எண்டு கேளுங்கோ."

முதலில் அவருடைய தமிழிலேயே கேட்டுவிட்டு, பிறகுதான் ஆங்கிலத்தில் சொன்னார். அவருடைய ஊரையும் வீட்டையும் பற்றி என்னிடம் அவர் பேசியதே இல்லை. அன்று கேட்ட கேள்விகளைப் பார்த்தால், இல்லாமல் போன ஒரு வீட்டைப் பற்றி எதைக் கேட்க வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கதவின் நிறத்தைக் கேட்கவில்லை, எங்கே நிறம் தேய்ந்திருக்கும் என்று கேட்டார். எத்தனை ஜன்னல் என்று கேட்கவில்லை, எந்த ஜன்னல் மூட வராது என்று கேட்டார்.

கிழவி பேச ஆரம்பித்தாள். மூன்று கல்படிகள், நடுப்படி இடதுபக்கம் தாழ்ந்திருக்கும். கதவு பச்சை, கைப்பிடிக்குக் கீழே வெறும் மரம் தெரியும். இடதுபுறம் ஜன்னல்வரை விறகு அடுக்கு. வலதுபுறம் மரத்தைக் குடைந்து செய்த தண்ணீர்த் தொட்டி. கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி, செத்துப்போன புருஷனின் தொப்பி மாட்டுகிற ஆணி. நடுவில் ஒரு தடவை மகளை அதட்டினாள், விறகு அடுக்கைத் தப்பாகச் சொல்லிவிட்டாளாம். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

வெள்ளிக்கிழமை டியூட்டி மத்தியானத்தோடு முடிந்தது. ஃபோர்மேனிடம் போய் நின்றேன், விஷயத்தைச் சொன்னேன். "அச்சா, செய். ஆனால் சனிக்கிழமை சனிக்கிழமைதான்," என்றார். அந்த ஒரு வீட்டை மட்டும் அடிப்பலகையிலிருந்து அறுத்து எடுத்தேன். வெள்ளைப் பலகையைப் பெயர்த்தேன். படிக்கு நிஜக் கல்லையே உடைத்து உரசினேன். தீக்குச்சிகளைச் சீவி விறகாக அடுக்கினேன். அண்ணாச்சி கதவுக்குப் பச்சை அடித்து, காயவைத்து, உப்புத்தாளால் கைப்பிடிக்குக் கீழே தேய்த்தார். பிடிக்காமல் திரும்ப அடித்துத் திரும்பத் தேய்த்தார். குண்டூசித் தலையை வெட்டி ஆணி வைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் ஒரு கேக் டப்பாவோடு வந்தாள். டப்பாவின் மூடியைக் கவிழ்த்து அதன் மேல் வீட்டை வைத்தோம், முதுகு எங்களைப் பார்க்க. அவள் அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றாள். திரும்பி வந்து அம்மாவைக் கூப்பிட்டாள்.

கிழவி திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுவந்தாள். படியைப் பார்த்தாள், விறகைப் பார்த்தாள், ஆணியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பிறகு ஏப்ரன் பைக்குள் கையை விட்டாள். விரல் நீளத்தில் ஒரு பழைய இரும்புச் சாவி வெளியே வந்தது. அதை அப்படியே திரையை நோக்கி, கதவை நோக்கி நீட்டினாள். நீட்டிய கை அந்தரத்தில் நின்றுவிட்டது. தேடினாள், இடதுபக்கம் பார்த்தாள், வலதுபக்கம் பார்த்தாள். அந்தப் பயம் திரும்பவும் கண்ணுக்குள் வந்துவிட்டது.

படி வைத்தேன், ஆணி வைத்தேன். பூட்டுத் துவாரம் வைக்கவில்லை. அடப் பாவி, இவ்வளவுக்கும் அந்தச் சாவியைப் பற்றித்தானே இத்தனை பேச்சும்!

"ஊசி," என்றேன். அண்ணாச்சி அதற்குள் எடுத்து என் உள்ளங்கையில் வைத்திருந்தார். அரிசி அகலத்தில் ஜன்னல் வெட்டுகிற கை, அன்றைக்குச் சொன்னபடி கேட்கவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடிக்குக் கீழே, நிறம் தேய்ந்த இடத்தில், ஒரு குத்துக் குத்தினேன்.

கிழவி பார்த்துக்கொண்டே இருந்தாள். சாவியை முன்னால் கொண்டுவந்தாள். திரையே சாவியாக இருந்தது. அந்தரத்தில் ஒரு தடவை திருப்பினாள், இன்னொரு தடவை திருப்பினாள். கதவை இழுத்துப் பார்க்கிற மாதிரி கையைச் சுண்டினாள். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, மகளிடம் ஏதோ சொன்னாள்.

"பூட்டியிருக்கிறதாம்," என்றாள் அந்தப் பெண். "பசிக்கிறதாம்."